மனைப்பிரிவுச் சங்கத் தண்ணீர்: நம்பி வீடு கட்டலாமா?

மதுரையைச் சுற்றி நத்தம் சாலை, அழகர்கோவில் சாலை, சிலைமான், செக்கானூரணி என்று எந்தப் பக்கம் போனாலும் மனை விற்கும் பலகைகளில் தார்ச்சாலை, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி மூன்றும் தவறாமல் இருக்கும். தார்ச்சாலை கண்ணுக்குத் தெரியும். விளக்கு எரிகிறதா என்பதை இருட்டிய பிறகு ஒருநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தொட்டியைப் பார்த்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. மே மாதம் இரண்டாவது வாரத்தில் அதில் தண்ணீர் ஏறுமா, ஏற்றும் மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுகிறார்கள், தொட்டி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே தெரியாத சங்கதிகள்.

மனை வாங்கியவர்களே சங்கம் வைத்து, போர் (ஆழ்துளைக் கிணறு), தொட்டி, குழாய், மீட்டர் என்று நடத்தும் தண்ணீர் சேவையை ஒரு சேவையாகவே எடைபோட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். ஒரு குறிப்பிட்ட மனைப்பிரிவைப் பற்றியது அல்ல இது. கணக்குப் பார்க்க வசதியாக 60 வீடு உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தொட்டியடி நிலம் சங்கத்தின் பெயரிலோ ஊராட்சியின் பெயரிலோ பதிவாகியிருந்து, வீட்டுக்கு வீடு மீட்டரும் ஓடினால், வீட்டுக்கொரு சொந்த போரைவிட இந்த ஏற்பாடு மேல். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் மனை வாங்குவதாக இருந்தால், சொந்த போருக்கான பணத்தையும் சேர்த்து மனை விலையாகக் கணக்குப் போடுங்கள்.

சங்கம் எப்படி உருவாகிறது

பெரும்பாலும் ஒரு மின்கட்டண ரசீதில்தான் இது தொடங்குகிறது. மனை விற்கிற வரைக்கும் விற்பவரே மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுவார்; மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கும். மனைகள் விற்றுத் தீர்ந்து பத்துப் பதினைந்து வீடு எழும்பியதும் அவருக்கு அங்கே வேலை இல்லை. கட்டணம் நிலுவை விழும், ஃபியூஸ் பிடுங்கப்படும். அப்போதுதான் குடியிருப்பவர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, பணத்தைக் கட்டுகிறார்கள். அந்த வசூல் நோட்டுதான் பிறகு சங்கமாகிறது.

நோட்டோடு நிறுத்திக்கொண்ட இடங்களும் நிறைய. அங்கே பணம் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கும்; அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் கணக்கும் போய்விடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்க விதிகளுடன் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு எண் கிடைத்த பிறகுதான் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, நிலம் எல்லாம் சாத்தியம். ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் விவரமும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிடுகிற சங்கங்கள் அதிகம். சில ஆண்டு விட்டுப்போனால், மின் இணைப்பைப் பெயர் மாற்றவோ நிலத்தைப் பதிவு செய்யவோ போகும்போது வேலை அங்கேயே நின்றுவிடும்.

விதிகளை எழுதும்போது கடையில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தை அப்படியே நகல் எடுப்பதுதான் வழக்கம். தண்ணீர்ச் சண்டை வருகிற இடம் எதுவும் அந்தப் படிவத்தில் இருக்காது. காலி மனைக்காரருக்கு ஓட்டு உண்டா, அவர் எதற்குப் பணம் தர வேண்டும், வாடகைக்கு இருப்பவர் கட்டணம் கட்டவில்லை என்றால் பாக்கி யார் தலையில் விழும், எத்தனை மாத நிலுவைக்கு இணைப்பைத் துண்டிக்கலாம், வீடு கைமாறும்போது முன்பணம் யாருக்குப் போகும் என்பதை எல்லாம் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். காலி மனைக்காரர் விஷயத்தில் நியாயமான வழி ஒன்று உண்டு. தொட்டி, குழாய், போர் போன்ற முதலீட்டு நிதியில் அவருக்கும் சம பங்கு. மாதக் கட்டணம் மட்டும் வீடு கட்டி இணைப்பு எடுத்த பிறகு.

அடுத்து நிலம். இதில் கோட்டை விட்டவர்கள்தான் அதிகம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளியாக விடப்பட்டு அதுவும் உள்ளாட்சிக்குச் சேரும். ஆகவே தெருவில் குழாய் புதைப்பதற்கும் பூங்கா இடத்தில் போர் போடுவதற்கும் ஊராட்சியின் தீர்மானமோ எழுத்து அனுமதியோ வேண்டும். விற்பவர் வாய்மொழியாகச் சொன்ன 'போட்டுக்கோங்க' எந்த அலுவலகத்திலும் செல்லாது.

தொட்டியும் மோட்டார் அறையும் நிற்கும் அரை சென்ட், ஒரு சென்ட் பல இடங்களில் விற்பவரின் பட்டாவிலேயே தங்கிவிடுகிறது. அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. மனை விலை ஏறியதும் அவரோ அவருடைய வாரிசோ அந்த இடத்தை விற்க வரலாம். மனை வாங்கும் முன்பே அந்தத் துண்டு நிலத்துக்கு மட்டும் தனியாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சங்கத்தின் பெயருக்கோ ஊராட்சியின் பெயருக்கோ தானப்பத்திரம் பதிவாகியிருந்தால் சரி. பதிவு செய்யாத நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்ததை ஆதாரம் என்று நம்ப வேண்டாம். அனுமதியற்ற பிரிவுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். 2017-இல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016 வரை விற்ற மனைகளுக்கு வழி திறந்தன. ஆனால் மனையை வரன்முறை செய்த கையோடு தொட்டியடி நிலம் தானாகச் சங்கத்துக்கு வந்துவிடாது.

போர்: 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்றால் எவ்வளவு?

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. யானைமலையையும் மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளையும் பார்த்தவர்களுக்குக் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். வைகைக் கரையை ஒட்டிய மணல் பட்டையை விட்டு வெளியே வந்தால், தண்ணீர் இருப்பது மேலே உள்ள சிதைந்த பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டும்தான். ஒரு வெடிப்பில் பட்டால் தண்ணீர்; பத்தடி தள்ளிப் போட்டால் புகை. அதனால் பக்கத்து மனைப்பிரிவில் 350 அடியில் தண்ணீர் வந்தது என்பது உங்கள் பிரிவுக்கு உத்தரவாதம் ஆகாது. தேங்காய் உருட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் நிலத்தடிப் பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து பார்க்கும் நிலத்தியல் வல்லுநரை வைத்து இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்வது நல்லது. அதுவும் சாத்தியத்தைத்தான் சொல்லும்.

போர் ஓட்டுகிறவர் 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்றால் மகிழ்ச்சி அடையும் முன் ஒரு கணக்கு. அந்த இஞ்ச், வி வடிவ வெட்டு உள்ள பலகையின் மேல் தண்ணீர் நிற்கும் உயரம். 90 பாகை வெட்டில் ஒரு இஞ்ச் என்றால் மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் ஆயிரம் அல்ல, ஏறத்தாழ 2,900 லிட்டர். இரண்டரை இஞ்ச் 5,000 லிட்டரைத் தொடும். உயரம் கொஞ்சம் கூடினாலே அளவு பல மடங்கு கூடும் என்பதால், அரை இஞ்ச் மிகைப்படுத்திச் சொன்னாலும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். பலகை வைத்து அளக்காமல் குழாய் வாயைப் பார்த்துச் சொல்லும் இஞ்ச்சை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

கம்ப்ரசர் ஊதும்போது வருவது அந்த நேரத்துத் தண்ணீர். வெடிப்பில் தேங்கியிருந்தது முதல் ஒரு மணி நேரம் கொட்டும், பிறகு சுருங்கும். 60 வீட்டுக்குப் போதுமா என்று அறிய மோட்டார் இறக்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை 200 லிட்டர் டிரம்மை நிரப்பி எத்தனை வினாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். நிறுத்திய பின் நீர்மட்டம் பழைய இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செய்தால் எந்த போரும் தேறிவிடும். சித்திரை, வைகாசியில் செய்த சோதனைக்குத்தான் மதிப்பு. சங்கத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: மே மாதத்தில் எடுத்த குறிப்பு இருக்கிறதா?

தேவை எவ்வளவு? நகர்ப்புறக் குழாய் நீருக்கு ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் கையேட்டு அளவு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 540 லிட்டர்; 60 வீட்டுக்கு 32,400. சுமாராக 33,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் மணிக்கு 5,500 லிட்டர் வேண்டும். இரண்டு இஞ்ச் போர் ஒன்று மட்டும் இருந்தால் இதே அளவுக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஓடலாம், ஆனால் போருக்கு ஓய்வு குறையும். வெடிப்பில் தண்ணீர் ஊறி வர நேரம் கிடைக்காது. இரண்டு போர் இருந்து மாற்றி மாற்றி ஓடுவதே சரியான ஏற்பாடு. ஒரே போரில் நிற்கும் சங்கத்துக்கு எங்கள் மதிப்பீட்டில் பாதி மதிப்பெண்தான்.

மோட்டார் கணக்கையும் போட்டுவிடலாம். ஓடும்போது நீர்மட்டம் 250 அடியில் நின்றால் அது 76 மீட்டர். தொட்டி உயரம் 15, குழாய் உராய்வுக்கு 6 சேர்த்தால் மொத்தம் 97 மீட்டர். மணிக்கு 5,500 லிட்டரை அந்த உயரம் தூக்கத் தேவைப்படும் வேலை ஒன்றரை கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் சேர்ந்து 45 விழுக்காடு திறனில் ஓடினால் மூன்றேகால் கிலோவாட் இழுக்கும். 5 எச்.பி. போதும். நாளைக்கு 20 யூனிட், மாதம் 600. பத்து எச்.பி. போட்டால் சீக்கிரம் நிரம்பும் என்று இறக்குவது மிகவும் பொதுவான தவறு. போர் தருவதைவிட வேகமாக இழுத்தால் நீர்மட்டம் பம்புக்குக் கீழே போகும், காற்றையும் மண்ணையும் சேர்த்து உறிஞ்சும், தண்ணீர் பால் போல வெளுத்து வரும், கடைசியில் மோட்டாரின் காயில் எரியும். சோதனையில் நிலைத்து வந்த அளவில் முக்கால் பங்குக்கு மேல் இழுக்காத பம்பாகப் பார்த்து எடுப்பது பாதுகாப்பு.

மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்க்க அனுமதித்தால் இவற்றைத் தேடுங்கள்: வெற்று ஓட்டத்தைத் தடுக்கும் கருவி, ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் கருவி, வோல்ட் மீட்டர், ஆம்ப் மீட்டர், போரில் இருந்து வெளியேறும் குழாயில் ஒரு பெரிய மீட்டர். கூடவே ஒரு நோட்டு. போட்ட நேரம், நிறுத்திய நேரம், வோல்ட், ஆம்ப்ஸ், மீட்டர் அளவு என்று ஐந்து கட்டம் தினமும் நிரம்பியிருக்க வேண்டும். வழக்கத்தைவிட ஆம்ப்ஸ் இறங்கி, தண்ணீரும் குறைந்தால் போரில் மட்டம் போகிறது. ஆம்ப்ஸ் ஏறினால் வோல்டேஜ் குறைவு, அல்லது பம்பில் மண் சிக்கியிருக்கிறது, பேரிங் போகிறது. நோட்டைப் பார்த்து இதைச் சொல்லத் தெரிந்த ஆபரேட்டர் இருந்தால் அவரைச் சங்கம் விட்டுவிடக் கூடாது. கண்மாய்ப் பாசனத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்று முடிவு செய்த நீர்க்கட்டியின் இடம்தான் இங்கே அவருக்கு. ஊதியத்தைத் தாமதம் செய்து அவரை இழந்த சங்கங்கள், மிச்சம் பிடித்ததைவிட எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டியதில் அதிகம் செலவழித்திருக்கும்.

நீர்மட்டத்தை அளக்க எளிய வழி: மோட்டார் இறக்கும்போதே கூடவே முக்கால் இஞ்ச் குழாய் ஒன்றைக் கட்டி இறக்கிவிட வேண்டும். பிறகு அதன் வழியே நாடாவை விட்டு மாதம் ஒருமுறை அளக்கலாம். மோட்டாரை இறக்கிய பிறகு இதைச் செய்ய நினைத்தால் நாடா கேபிளில் சிக்கும்.

மின் இணைப்பில் ஓர் எச்சரிக்கை. மனைப்பிரிவு ஆவதற்கு முன் தோட்டமாக இருந்த நிலத்தில் இலவச விவசாய இணைப்பு மிச்சம் இருக்கும். அதில் இருந்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது சட்டப்படி முறைகேடு. பிடிபட்டால் அபராதம் சங்கத்தின் மீது விழும். 'மின்செலவே இல்லை' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இணைப்பு எண்ணைக் கேளுங்கள்.

தொட்டியும் குழாயும்

30,000 லிட்டர் தொட்டி 60 வீட்டுக்குப் போதும். கொள்ளளவைவிடத் தொட்டியின் அடிமட்டம் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்பது முக்கியம். 12 மீட்டர் இருந்தால் கடைசித் தெருவில் மாடித் தொட்டிக்கு ஏறாவிட்டாலும் தரைத்தளத்துக் குழாயில் நல்ல வேகம் இருக்கும். ஆறு மீட்டர் தூண் வைத்துப் பிளாஸ்டிக் டேங்க் நான்கை உட்கார வைத்திருந்தால் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் பிடித்து முடிக்கும் வரை கடைசி வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

பிரதானக் குழாய் 90 மில்லிமீட்டர், தெருக்களுக்கு 63, வீட்டுக்கு 20 என்பது இந்த அளவுப் பிரிவுக்குச் சரியாக இருக்கும். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டாலும் 90 மில்லிமீட்டர் குழாயில் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குள் நிற்கும். தெருவுக்கு இரண்டு இஞ்ச் பி.வி.சி. என்று தொடங்கி, வீடு கூடக் கூட அதிலேயே ஒட்டுப்போட்டுப் போன பிரிவுகளில்தான் 'கடைசித் தெருவுக்கு வரலை' என்ற குறை தீர்வதே இல்லை. எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎதிலீன்) குழாய் வளைந்து கொடுக்கும், மூட்டு குறைவு. கரிசல் மண் உள்ள திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டிப் பக்கங்களில் கோடையில் மண் வெடித்து மழையில் உப்பும்போது ஒட்டிய பி.வி.சி. மூட்டு விட்டுப்போகும்; அங்கே எச்.டி.பி.இ.யைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டோம். மூன்றடி ஆழம், கீழே மணல் படுக்கை, சாக்கடைக்கு மேல்மட்டத்தில். தெருவுக்கு ஒரு வால்வு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் குழாய் உடைந்ததற்கு 60 வீட்டுக்கும் நிறுத்த வேண்டிவரும். முட்டுச்சந்தில் குழாய் முடியும் இடத்தில் கழிவு வால்வு வைத்து மாதம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். அங்கேதான் துருவும் சேறும் தேங்கும்.

வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதை ஒரு சங்கம் எப்படிக் கையாள்கிறது என்று விசாரித்தால் அந்தச் சங்கத்தின் தரம் தெரிந்துவிடும். அண்டை வீட்டுக்காரருக்குக் குறைகிறது என்பது மட்டும் அதில் உள்ள சிக்கல் அல்ல. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகும். அப்போது எங்கேனும் விரிசல் இருந்தால் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுபடும். வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் மட்டும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. வீட்டுத் தரைத்தொட்டியில் மிதவை வால்வு வைத்து நிரப்பி, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுவதே முறை.

நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா

மதுரைப் பக்கத்தில் யாரும் போர் தண்ணீரைக் குடிநீர் என்று சொல்வதில்லை. புழங்குகிற தண்ணி, உப்புத் தண்ணி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பரிசோதனை அறிக்கை வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த திண்மம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். கடினத்தன்மைக்கு இதே இரண்டு வரம்பும் 200, 600. நைட்ரேட் 45-க்கு மேல் போகக் கூடாது. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் ஒன்றரை. கடினப்பாறைப் பகுதியில் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி எண். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். (கரைந்த திண்மம்) கருவி ஃபுளோரைடைக் காட்டாது, நாக்குக்கும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குழந்தைகளின் பல்லில் கறையாக வந்த பிறகு தெரிந்து பயனில்லை. டி.டி.எஸ். எண்ணை மட்டும் காட்டி 'குடிக்கலாம்' என்கிற சங்கத்தை நம்பாதீர்கள்.

வீடு கட்டுபவர்களுக்கு இன்னொரு எண்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை. உப்புக் கூடிய போரில் இருந்து கான்கிரீட் கலந்தால் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து உத்தரம் வெடிக்கும்.

தொட்டியில் குளோரின் போடுவதை அளவோடு செய்யும் சங்கங்கள் குறைவு. 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமானால் 60 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் 25 விழுக்காடு வீரியம் இருந்தால் 240 கிராம். வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கொட்டினால் மீட்டரின் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஊற்றிய பின் இன்னும் அரைமணி கழித்துத்தான் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் சோதனைக் குப்பியில் பார்த்தால் 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டையில் பவுடர் சில வாரத்திலேயே வீரியம் இழக்கும். ஊராட்சித் தொட்டிகளின் தூணில் சுத்தம் செய்த தேதியை எழுதி வைப்பது வழக்கம். சங்கத் தொட்டியிலும் அப்படி எழுதியிருக்கிறதா, எழுதிய தேதி இந்த மாதத்தியதா என்று பாருங்கள்.

குடிப்பதற்குச் சங்கமே ஆர்.ஓ. வைத்துக்கொண்டால், வீட்டுக்கு 20 லிட்டர் வீதம் நாளைக்கு 1,200 லிட்டர். மணிக்கு 250 லிட்டர் இயந்திரம் ஐந்து மணி நேரம் ஓடினால் போதும். பாதிக்குப் பாதி கழிவாகப் போனால் இன்னொரு 1,200 லிட்டர் உப்பு நீர் வெளியே வரும். அதைத் தெருவில் விடாமல் கழிவறைக்கோ கழுவுவதற்கோ திருப்பும் ஏற்பாடு இருந்தால் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

மீட்டரும் மாதக் கட்டணமும்

வீட்டுக்கு ஒரே தொகை என்று வசூலிப்பது எளிது. இரண்டு பேர் இருக்கும் வீடும் தென்னை, வாழை, புல்வெளி வைத்திருக்கும் வீடும் ஒன்றாகக் கட்டும்போது முதல் கோடையிலேயே மனக்கசப்பு வந்துவிடும். அதைவிடப் பெரிய சேதம், மிதவை வால்வு போய் இரவெல்லாம் தரைத்தொட்டி வழிந்தாலும் யாருக்கும் வலிக்காது. மீட்டர் இருந்தால் பெரிய மீட்டருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் காணாமல் போனால் தெருத் தெருவாக வால்வை மூடி இரவில் தேட வேண்டும்.

அரை இஞ்ச் மல்டிஜெட் மீட்டர் போதும். மீட்டர் பொய் சொல்கிறது என்ற புகாரில் பாதி உண்மை: காலையில் வால்வைத் திறந்ததும் குழாயில் உள்ள காற்று மீட்டரைச் சுற்றிவிடும். மேட்டுப்பகுதியில் காற்று வால்வு வைத்தால் இது தீரும். மீட்டரையே கழற்ற வேண்டியதில்லை.

கட்டணத்தை இரண்டாகப் பிரிப்பதே நேர்மையானது. ஆபரேட்டர் ஊதியம், குளோரின் மருந்து, தொட்டி சுத்தம், எதிர்கால நிதி இவை எல்லோருக்கும் சமம். மின்கட்டணம் மட்டும் லிட்டர் கணக்கில். மேலே போட்ட கணக்கில் ஆயிரம் லிட்டர் ஏற்ற 0.6 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஐந்து ரூபாய்க்குள். வீட்டுக்கு மாதம் 16,000 லிட்டருக்கு 80 ரூபாய். லாரித் தண்ணீர் வாங்கிப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாத எண்ணாக இருக்கும். ஆனால் இதில் போர் வற்றினால் ஆகும் செலவு சேரவில்லை. புதிய போர், மோட்டார், குழாய், கேபிள் எல்லாவற்றுக்கும் இன்றைய விலைப்புள்ளி வாங்கி, 60 மாதத்தாலும் 60 வீட்டாலும் வகுத்து, வரும் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டால்தான் இது சேவை. அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புது உறுப்பினருக்குக் காட்டத் தயங்கும் சங்கத்தில் சேர்வதற்கு முன் இரண்டுமுறை யோசியுங்கள்.

வீடு கட்டும்போது எடுக்கும் தண்ணீருக்குத் தனி மீட்டர், தனி விலை இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு வீடு கட்டினால் குடியிருப்பவர்களுக்குக் குறையும். கான்கிரீட் நாளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இடங்களில் சச்சரவு இல்லை.

மற்ற வழிகளோடு பார்த்தால்

வீட்டுக்கொரு போர் என்று போனால் நான்கைந்து ஏக்கரில் 60 துளை. எல்லாம் அதே வெடிப்பைத் தொடுபவை. ஒருவர் 400 அடி போனால் அடுத்தவர் 600, அதற்கடுத்தவர் 800 போவார். முதலில் போட்டவருடையது வற்றும். லாரித் தண்ணீர் அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஆனால் எந்த போரில் இருந்து வருகிறது என்று தெரியாது. ஊராட்சி இணைப்பு கிடைத்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் (கிராமப்புற வீடுகளுக்குக் குழாய் நீர்) அளவு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஆற்றுத் தண்ணீராக இருந்தால் குடிக்க, சமைக்க அதுவே நல்லது. சங்கத் தண்ணீர் மற்றதற்கு. இரண்டு குழாயையும் வீட்டுக்குள் ஒன்றாக இணைக்கவே கூடாது. உங்கள் உப்புத் தண்ணீர் ஊராட்சிக் குழாய்க்குள் திரும்பிப் போகும்.

நாற்பது வீட்டுக்குக் குறைவான பிரிவில் ஆபரேட்டர் ஊதியமும் நிதியும் வீட்டுக்கு அதிகமாக விழும். பக்கத்துப் பிரிவோடு சேர்ந்து ஒரே ஆபரேட்டரை வைத்துக்கொள்வது அங்கே நடைமுறைக்கு ஒத்துவரும்.

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டில் இருந்து 100 வார்டாக விரிந்தபோது புறநகர்ப் பகுதிகள் பல உள்ளே வந்தன. உங்கள் பிரிவுக்கும் ஒருநாள் மாநகராட்சிக் குழாய் வரலாம். வரும்போது பழைய குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாததால், புதுக்குழாய்க்குத் தோண்டும் இயந்திரம் பழையதை இடத்துக்கு இடம் உடைத்துவிடும். குழாய் புதைக்கும் அன்றே ஒவ்வொரு வால்வுக்கும் மூட்டுக்கும் அருகில் உள்ள மின்கம்பத்தில் இருந்து எத்தனை அடி என்று அளந்து வரைபடம் போட்டு, ஒரு பிரதியைச் சங்கக் கோப்பிலும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றை லேமினேட் செய்து மோட்டார் அறைக் கதவின் உட்புறத்திலும் வைத்திருக்க வேண்டும். கைவிட்ட போர் இருந்தால் அதே வரைபடத்தில் குறித்து, வாயை இரும்பு மூடியால் வெல்டிங் செய்தோ மண் கொட்டி நிரப்பியோ அடைத்திருக்க வேண்டும். மனை பார்க்கப் போகும் நாளில் அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.